நிலுவையில் 214 விளையாட்டுகள்: முடிப்பது, கைவிடுவது, எழுதிவைப்பது

பதிவு 1 | மெழுகுவிளக்கு (இழையைத் தொடங்கியவர்)

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஒரு விடுமுறை நாள் முழுவதையும் செலவிட்டு, என்னிடம் உள்ள வீடியோ விளையாட்டுகள் அனைத்தையும் ஒரு விரிதாளில் ஏற்றினேன். ஸ்டீம் இணையக் கடையின் கணக்கில் தள்ளுபடிக் காலங்களில் வாங்கிக் குவித்தவை, எபிக் கடை இலவசமாக வழங்கியபோது வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்காமலே பெற்றுக்கொண்டவை, அலமாரியில் மேலுறை கூடப் பிரிக்கப்படாமல் நிற்கும் வட்டுகள் என எல்லாம் சேர்ந்து 341 தலைப்புகள் வந்தன. ஒரு முறையாவது முடித்தவற்றைக் கழித்தபோது நிலுவையில் 214 நின்றன. அந்த எண்ணைப் பார்த்தவுடன் நான் செய்த முதல் வேலை, எதையும் விளையாடாமல் விரிதாளின் கட்டங்களுக்கு வண்ணம் பூசியதுதான். அதற்கே இரண்டு மாலைகள் போயின.

14 மாதங்கள் கழித்து இன்றைய நிலவரம் இது: 97 விளையாட்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அவற்றில் முடித்தவை 38, கைவிட்டவை 59. கைவிட்டவை உட்பட ஒவ்வொன்றுக்கும் ஒரு விமர்சனக் குறிப்பு எழுதியிருக்கிறேன். நிறுத்திய அன்றே எழுதிவிட வேண்டும் என்பது ஒன்றே எனக்கு நான் வைத்துக்கொண்ட விதி. ஒரு வாரம் தள்ளிப் போட்டால், அந்த விளையாட்டைப் பற்றி எங்கோ யாரோ சொன்னதுதான் என் கருத்தைப் போல வேடமிட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

குறிப்பின் தலைப்பகுதியில் வெளியான ஆண்டு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள், விளையாடிய மணிநேரம், விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் சேவ் கோப்பு இருக்கும் இடம், நிறுத்தியதற்கான காரணம் என்று ஆறு கட்டங்கள் இருக்கும். கருத்து அதற்குக் கீழேதான். சேவ் கோப்புக்கு ஒரு கட்டமா என்று சிரிக்க வேண்டாம். பழைய கணினி பழுதானபோது, மேகச் சேமிப்பு வசதி இல்லாத மூன்று விளையாட்டுகளில் நான் கடந்துவந்த தூரமெல்லாம் அதனோடு போயிற்று. அன்று பிடித்த பழக்கம் இது.

முதலில், சிறியவற்றை முன்னே தள்ளுவது என்று முடிவு செய்தேன். ஜர்னி (2012) ஒரே அமர்வில் இரண்டு மணிநேரம். போர்ட்டல் (2007) மூன்று மணிநேரம். இன்சைடு (2016) நான்கு மணிநேரத்துக்குள். எண் மளமளவென்று இறங்கியது. ஆறு மாதத்தில் சிறியவை தீர்ந்துபோய், 60 மணிநேரமும் 100 மணிநேரமும் கேட்கும் பாறைகள் மட்டும் அடியில் தட்டுப்பட்டன. ஹவ் லாங் டு பீட் தளத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் முதன்மைக் கதைக்கு, கிளைப்பணிகளும் சேர்த்தால், எல்லாவற்றையும் முடித்தால் என்று தனித்தனியாக நேரம் கொடுத்திருப்பார்கள். பெர்சோனா 5 ராயலுக்கு அவற்றில் மிகச் சிறிய எண்ணே 100 மணிநேரத்தைத் தொடுகிறது. அன்றிலிருந்து ஒரு பெரியதை நடத்திக்கொண்டு, அதன் இடைவெளிகளில் ஒரு சிறியதை முடிப்பது என்று மாற்றிக்கொண்டேன், இதுவரை ஓடுகிறது.

நான் இங்கே கேட்க வந்தது கைவிட்ட 59 பற்றி. அவற்றின் குறிப்புகளை விமர்சனம் என்று அழைக்க எனக்கு உரிமை உண்டா? மாதிரிக்கு இரண்டைத் தருகிறேன். ஒன்று கைவிட்டது, மற்றது முடித்தது.

அசாசின்ஸ் கிரீட் ஒடிசி (2018). 23 மணிநேரம். கைவிட்டது. காரணம்: கோட்டைக்குள் புகு, தலைவனைக் கொல், பெட்டியைத் திற, கிடங்கைக் கொளுத்து. இதையே ஏறத்தாழ இருபதாவது முறையாகச் செய்துகொண்டிருந்தபோது, நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கடலும் மலைகளும் கண்ணைப் பறிக்கின்றன. கப்பலில் பாட்டைக் கேட்டுக்கொண்டு போன நேரம்தான் இதில் நான் உண்மையிலேயே விளையாடிய நேரம்.

நியர்: ஆட்டோமேட்டா (2017). 11 மணிநேரம். முடித்தது. சேவ்: கணினியில், நகல் வெளி வன்தட்டில். இசை மிக நன்று, சண்டை வேகமானது. கதை சூடுபிடிக்கும் நேரத்தில் சட்டென்று முடிந்துவிட்டது. இவ்வளவு புகழ் ஏன் என்று விளங்கவில்லை.

பதிவு 2 | நான்காம்_சுவர்

97 குறிப்புகள் எழுதிய உங்கள் பொறுமைக்கு என் வணக்கம். ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே உங்கள் இரண்டாவது மாதிரியில் எழுதிவைத்திருக்கிறீர்கள். நியர்: ஆட்டோமேட்டாவை நீங்கள் முடிக்கவில்லை.

ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்கு ஒன்றாக அந்த விளையாட்டுக்கு 26 முடிவுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வேடிக்கைக்காக வைக்கப்பட்டவை. ஏ (A) முதல் ஈ (E) வரையிலான ஐந்தும்தான் கதை. நீங்கள் பார்த்தது ஏ மட்டும். இரண்டாம் சுற்றில் அதே நிகழ்ச்சிகளை வேறொரு பாத்திரத்தின் பக்கத்திலிருந்து பார்ப்பீர்கள். மூன்றாவதில் புதிய கதை தொடங்கும். இயக்குநர் யோகோ டாரோவின் வழக்கம் தெரிந்தவர்கள் பெயர்ப்பட்டியல் ஓடியதும் எழுந்துபோக மாட்டார்கள். இன்னும் இருக்கிறது, தொடர்ந்து ஆடுங்கள் என்று முதல் முடிவுக்குப் பிறகு விளையாட்டே திரையில் ஒரு செய்தி காட்டுகிறது. எண்ணைக் குறைக்கும் அவசரத்தில் அதை அழுத்திக் கடந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இதைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. முடித்துவிட்டோம் என்று நம்புகிறவரே இப்படித் தவறமுடியும் என்றால், பாதியில் நிறுத்தியவர் எந்த அளவு தவறக்கூடும் என்று பாருங்கள். ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின் (2018) என்ற லூக்காஸ் போப்பின் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் இருந்த 60 பேரும் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரின் முடிவுகளைச் சரியாக எழுதினால்தான் அது உறுதிசெய்யும். அதுவரை நீங்கள் சரியா தவறா என்று ஒரு வார்த்தை சொல்லாது. முதல் இரண்டு மணிநேரம் எனக்கு அது குருட்டு ஊகமாகவே பட்டது. பிறகு ஒரு காட்சியில், மாலுமிகள் உறங்கும் தொங்குபடுக்கைகளில் எண்கள் இருப்பதைக் கவனித்தேன். பணியாளர் பட்டியலிலும் எண்கள் இருந்தன. அந்த நொடியிலிருந்து அது வேறு விளையாட்டு. இரண்டு மணிநேரத்தில் நிறுத்தி, ஊகிப்பதைத் தவிர இதில் வேலை இல்லை என்று நான் எழுதியிருந்தால், அது என் அனுபவத்தைப் பொறுத்தவரை உண்மையாகவும் விளையாட்டைப் பொறுத்தவரை பொய்யாகவும் இருந்திருக்கும்.

பாதியில் நிறுத்தியதைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம். விமர்சனம் என்று பெயரிடக் கூடாது என்பது என் தரப்பு.

பதிவு 3 | மட்டுறுத்துநர்

முடிவுகளின் எண்ணிக்கையைச் சொல்வது வரை சரி. அவற்றில் என்ன நிகழ்கிறது என்பதை இந்த இழையில் யாரும் எழுத வேண்டாம். நிலுவை வைத்திருப்பவர்கள்தான் இதைப் படிக்கிறார்கள்.

பதிவு 4 | தாழ்வாரம்

நான்காம்_சுவர் அவர்களே, நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்றால் ஒரு சிக்கல் வருகிறது. 100 மணிநேர விளையாட்டை முடித்தவர் மட்டுமே விமர்சிக்கலாம் என்றால், 100 மணிநேரம் பொறுத்துக்கொண்டவர்களின் குரல் மட்டுமே நமக்குக் கேட்கும். அவர்களில் பெரும்பாலோர் அதை விரும்பியவர்கள். விரும்பாதவர்கள் பத்தாவது மணியிலேயே கிளம்பிவிட்டார்கள். கிளம்பியவர் ஏன் கிளம்பினார் என்பதுதான் வாங்கலாமா என்று தயங்கி நிற்பவருக்குத் தேவையான செய்தி. எங்கே நிறுத்தினார் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மெழுகுவிளக்கின் ஒடிசிக் குறிப்பில் அது இருக்கிறது. நியர் குறிப்பில்தான் இல்லை. இத்தனைக்கும் அது முடித்தது என்ற பெயரில் நிற்கும் குறிப்பு.

பதிவு 5 | இரவுச்சுடர்

கைவிட்டவை, முடித்தவை என்று இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள். என் பட்டியலில் மூன்றாவது வகைதான் அதிகம்: எங்கோ நடுவில் நின்றுபோனவை. அவற்றைக் கைவிட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. வேலையோ காய்ச்சலோ குறுக்கே வந்து, இரண்டு வாரம் எட்டு மாதமாகிவிட்டது. இந்த வகையைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை என்பதால் சற்று நீட்டுகிறேன்.

தி விட்சர் 3 (2015) என் சேவில் 41 மணிநேரம் காட்டியது. எட்டு மாதம் கழித்துத் திறந்தேன். சேவ் ஏறும்போது கதை இதுவரை எங்கே வந்திருக்கிறது என்று ஒரு குரல் சுருக்கிச் சொல்லும். அது நல்ல ஏற்பாடு, கதை நினைவுக்கு வந்துவிட்டது. கைக்குத்தான் எதுவும் நினைவில் இல்லை. நாயகன் கெரால்ட் ஸ்கெலிகே தீவுகளின் ஒரு கரையில் நின்றுகொண்டிருந்தான். பையில் முப்பது வகை எண்ணெய்களும் கஷாயங்களும். அவற்றில் எது எந்தப் பிராணிக்கு என்பது போயிற்று. அடி படாமல் காக்கும் குவென் மந்திரத்தைப் போட நினைத்து குதிரையை அழைத்தேன். நீரிலிருந்து ஏறிவந்த மூன்று டிரவுனர்கள், அந்த விளையாட்டின் முதல் மணிநேரத்தில் விளையாட்டாகக் கொல்லப்படும் எளிய பிராணிகள், 41 மணிநேரம் வளர்ந்த என் கெரால்டை அந்தக் கரையிலேயே சாய்த்தன. அணைத்துவிட்டேன். மறுபடி தொட மேலும் மூன்று மாதம் ஆயிற்று.

இரண்டாம் முறை ஒரு காரியம் செய்தேன். கதையைத் தொடராமல், ஆபத்தில்லாத ஒரு பகுதிக்குத் திரும்பிப் போய், ஓநாய்களோடு அரைமணிநேரம் சண்டை மட்டும் போட்டேன். கை பழகிய பிறகே ஸ்கெலிகேக்கு வந்தேன். முடித்தும்விட்டேன், பிளட் அண்ட் வைன் என்ற கூடுதல் கதை வரை.

அன்றிலிருந்து, எவ்வளவு களைப்பானாலும் அணைப்பதற்கு முன் மூன்று வரி எழுதுகிறேன். முதல் வரி, எங்கே நிற்கிறேன். இரண்டாவது, அடுத்து என்ன செய்ய நினைத்தேன். இதுதான் முக்கியம், ஏனெனில் விளையாட்டின் பணிப் பட்டியல் செய்ய வேண்டியதைச் சொல்லுமே தவிர, நான் மனதில் வைத்திருந்ததைச் சொல்லாது. மூன்றாவது, கைக்கு எளிதில் மறக்கும் பொத்தான்கள். அட்டை ஒன்றில் எழுதி வட்டின் உறைக்குள் வைத்துவிடுவேன்.

சில விளையாட்டுகள் இந்த வேலையைத் தாமே செய்துவிடுகின்றன. அவுட்டர் வைல்ட்ஸில் (2019) 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். உங்களிடம் தங்குவது நீங்கள் தெரிந்துகொண்டது மட்டுமே. அதை உங்கள் விண்கப்பலின் பதிவேடு நூல் கட்டி இணைத்த சீட்டுகள் போலக் காத்து வைக்கிறது, எந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி என்பதையும் குறித்துக் காட்டுகிறது. ஐந்து மாதம் விட்டுத் திறந்தேன். பத்து நிமிடம் பதிவேட்டைப் படித்தேன். எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. விமர்சனம் எழுதுபவர்கள் இதையும் ஒரு தகுதியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். விட்டுவிட்டு வந்தவரை இந்த விளையாட்டு எப்படி வரவேற்கிறது என்று ஒரு வரி எழுதினால், என்னைப் போன்றவர்களுக்கு வரைகலையைப் பற்றிய இரண்டு பத்திகளை விட அது உதவும்.

பதிவு 6 | குறுக்குவழி

நான் பின்பற்றுவது மிக எளிது. ஸ்டீம் 2015 முதல், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறது. அந்த இரண்டு மணிநேரத்தையே நிலுவையில் உள்ளவற்றுக்கும் எல்லையாக வைத்துக்கொண்டேன். இரண்டு மணிநேரத்தில் பிடிக்காவிட்டால் நீக்கிவிடுவேன். ஒரே மாதத்தில் 30 தலைப்புகள் போயின.

பதிவு 7 | நான்காம்_சுவர்

அப்படியானால் ஃபைனல் ஃபேன்டஸி 13 (2009) உங்களிடம் ஒரு நாளும் தப்பாது. பத்து அத்தியாயங்கள் ஒரே நடைபாதையில் அழைத்துச்சென்று, பதினோராவது அத்தியாயத்தில்தான் அது வெளியைத் திறந்துவிடுகிறது. அதற்குள் இருபது மணிநேரத்துக்கு மேல் போயிருக்கும். அது நல்ல வடிவமைப்பு என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் விற்பனைக்கூடத்தின் விதி ஒன்று கலைக்கு அளவுகோலாவதை ஏற்க மனம் வரவில்லை.

பதிவு 8 | குறுக்குவழி

இருபது மணிநேரம் கழித்து நன்றாகும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் வயதை நான் கடந்துவிட்டேன், நண்பரே.

பதிவு 9 | பழங்கையேடு

நிலுவையில் பழையவை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். என் பட்டியலில் பாதி, 2000க்கு முன் வந்தவை. அவற்றைத் திறந்தவுடன் வரும் எரிச்சலுக்குப் பெரும்பாலும் விளையாட்டு காரணமன்று. அதோடு பெட்டியில் வந்த கையேடு நம் கையில் இல்லாததே காரணம். ஃபால்அவுட் (1997) ஒரு குகையில் உங்களை இறக்கிவிட்டு, எலிகளைக் காட்டிவிட்டு, வாய் மூடிக்கொள்ளும். சண்டையில் ஒவ்வொரு அசைவுக்கும் எத்தனை புள்ளி செலவாகும் என்பதெல்லாம் அச்சிட்ட கையேட்டில் இருந்தது. வாங்கியவர் விளையாடுமுன் அதைப் புரட்டியிருப்பார் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. இன்று டிஜிட்டலாக வாங்கும்போது கையேடு பெரும்பாலும் ஒரு பிடிஎஃப் கோப்பாகக் கூடவே கிடைக்கிறது, யாரும் திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை. குடிநீர் இயந்திரத்துக்கான தண்ணீர்ச் சில்லைக் கண்டுபிடிக்க 150 நாட்களே அவகாசம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்கிறார்கள். இன்றைய திறந்தவெளி விளையாட்டுகளின் பழக்கத்தில், உலகம் அழியப்போகிறது என்று சொல்லிவிட்டு நமக்காகக் காத்திருக்கும் வெற்றுப் பேச்சு என்று அதை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினேன். அது வெற்றுப் பேச்சன்று. நாட்கள் உண்மையாகவே தீர்ந்தன.

இரண்டாம் முறை கையேட்டைப் படித்துவிட்டு ஆடினேன். என் பட்டியலில் மிக நீண்ட குறிப்பு அதற்குத்தான்.

எனவே, பழையதை விமர்சிக்கும்போது நீங்கள் எதிலிருந்து அதற்குள் வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஹாஃப்-லைஃப் 2 (2004) பொருட்களின் எடையை வைத்துப் புதிர் போட்டபோது அது வியப்பு. பலகையின் ஒரு முனையில் கற்களை அடுக்கி மறுமுனையில் ஏறுவதை இன்று முதன்முறையாகக் காண்பவருக்கு அது ஒரு பள்ளிப் பாடம். இருவரும் பொய் சொல்லவில்லை. எந்த ஆண்டில் எதற்குப் பிறகு ஆடினார் என்று தெரிந்தால்தான் படிப்பவருக்கு இருவரையும் எடைபோட முடியும்.

பதிவு 10 | அணைந்ததிரை

எதை முதலில் ஆடுவது என்பதற்கு நீளமும் விருப்பமும் தவிர வேறோர் அளவும் உண்டு: எது முதலில் மறையும்? 2023 மார்ச் 27 அன்று நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. கார்ப் பந்தய விளையாட்டான தி க்ரூவின் சேவையகங்கள் 2024இல் மூடப்பட்டன. தனியாக ஆடுபவரும் இணைப்பில் இருந்தாக வேண்டும் என்ற அமைப்பு அதற்கு இருந்ததால், வட்டைக் கையில் வைத்திருந்தவர்களாலும் அதன்பின் ஆட முடியவில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

என் சொந்த இழப்பு சிறியது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கைப்பேசி விளையாட்டு ஒன்றைப் பொறுமையாக ஆடலாம் என்று இரண்டு ஆண்டு வைத்திருந்தேன். ஒரு மாலை திறந்தபோது சேவை முடிந்தது, இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி என்று ஒரு பக்கம் வந்தது. பணம் கொடுத்து வாங்கியதுதான். அதற்குப் பிறகு என் விரிதாளில் ஒரு கட்டம் சேர்ந்தது: இணைப்பு இல்லாமல் ஓடுமா? ஓடாதவை எல்லாம் பட்டியலின் தலைக்கு ஏறின. உங்களிடம் மீதமுள்ள 117இல் அப்படி எத்தனை என்று ஒருமுறை பாருங்கள், மெழுகுவிளக்கு.

பதிவு 11 | ஒற்றைப்பொத்தான்

மதிப்பெண் பற்றி யாரும் பேசவில்லையே. நான் முதல் 40 குறிப்புகளுக்குப் பத்துக்கு எத்தனை என்று போட்டேன். திரும்பிப் பார்த்தால் 31 குறிப்புகள் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றுக்கு ஏழரை, மற்றொன்றுக்கு எட்டு. வேறுபாடு என்ன என்று என்னையே கேட்டால் பதில் இல்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, இதை யார் கையில் கொடுப்பேன் என்ற கேள்வியை வைத்தேன். ஒருவரும் நினைவுக்கு வராத விளையாட்டுகள் சில உண்டு. அதுவும் ஒரு விடைதான்.

மற்றொன்று. கடினநிலையை மாற்றி ஆடியவர்கள் அதை மறைக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனால் எழுத வேண்டும். எனக்கு வலது கட்டைவிரலில் வலி உண்டு. செலஸ்ட் (2018) விளையாட்டை உதவிப் பயன்முறையில், வேகத்தைக் குறைத்து முடித்தேன். ஹேடிஸை (2020) காட் மோடில் முடித்தேன். அதில் 20 விழுக்காடு தாங்குதிறன் தொடக்கத்திலேயே கிடைக்கும், ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு விழுக்காடு கூடும், 80இல் நிற்கும். என் குறிப்பில் 64இல் முடித்தேன் என்று எழுதியிருக்கிறேன். அந்த ஓர் எண்ணிலிருந்தே என் கை எவ்வளவு, விளையாட்டின் கனிவு எவ்வளவு என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பதிவு 12 | வட்டப்பாதை

கொஞ்சம் மாறுபட்டுப் பேசுகிறேன். நானும் பட்டியல் வைத்திருந்தேன், கிழித்துவிட்டேன். ஒரு கட்டத்தில் விளையாட்டில் கிடைத்த மகிழ்ச்சியைவிட எண் ஒன்று குறைவதில் கிடைத்தது அதிகமாக இருந்தது. பிடித்துப்போன ஒன்றில் கிளைப்பணி எதிர்ப்பட்டால், இது வேண்டாம், நேராக முடிவுக்குப் போ என்று பட்டியல் காதில் சொல்லும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆடும் ஸ்லே தி ஸ்பயரையும் பலாட்ரோவையும் என்ன செய்வீர்கள்? அவற்றுக்கு எங்கே முடிவு? ஸ்டார்டியூ வேலியில் (2016) மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து உங்கள் பண்ணையை மதிப்பிடும். அதையே முடிவாக வைத்துக்கொண்டேன், பட்டியலில் கோடு அடித்தேன், அன்றோடு அந்தப் பண்ணைக்குப் போவது நின்றது. ஆவியைப் பார்த்துவிட்டேன் என்பதைத் தவிர நிறுத்த எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. இன்று வரை அது உறுத்துகிறது.

பதிவு 13 | மெழுகுவிளக்கு

பத்து நாட்களாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். வேலையாக இருந்தேன், என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

அணைந்ததிரை, பார்த்தேன். 117இல் இணைப்பு இல்லாமல் ஓடாதவை ஒன்பது. அவற்றில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. இருப்பதாக எண்ணிக்கொண்டு வண்ணம் பூசியிருக்கிறேன்.

வட்டப்பாதை சொன்னது என்னைத் தைத்தது. உடனே என் 38ஐத் திரும்பப் படித்தேன். சிறியவற்றை அடுக்கடுக்காக முடித்த அந்த ஆறு மாதக் குறிப்புகள் வெளிறிப்போய் இருக்கின்றன. நன்று, அழகு, சற்றே நீளம். எந்த விளையாட்டுக்கும் எழுதலாம். ஆனால் கைவிட்ட 59இல் பலவும் கூர்மையாக இருக்கின்றன, ஏனெனில் ஏன் நிறுத்தினேன் என்ற கட்டம் என்னைப் பேச வைத்திருக்கிறது. முடித்தவற்றுக்கு அந்தக் கட்டத்தில் முடிந்தது என்று எழுதிவிட்டுத் தப்பித்திருக்கிறேன். இனி முடித்ததற்கும் ஒரு கேள்வி: முடிவு வரை எது என்னை இழுத்து வந்தது? எண் குறைய வேண்டும் என்ற ஆசை மட்டுமே என்றால், அதையும் எழுதிவிடுவேன். முடிவற்றவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன், அவை நிலுவையல்ல. ஒரே நாளில் 117 என்பது 106 ஆனது. இதைச் சாதனையாகக் கணக்கில் வைக்கவில்லை.

நான்காம்_சுவர் அவர்களின் தரப்பைப் பாதி ஏற்கிறேன். விமர்சனம் என்ற பெயரை 59க்கும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றின் முதல் வரியிலும் எங்கே நிறுத்தினேன் என்பதைச் சேர்த்திருக்கிறேன், மணிநேரமாக அல்ல, இடமாக. 23 மணிநேரம் என்றால் ஒருவருக்கு மூன்றாம் தீவு, மற்றொருவருக்கு முதல் தீவு. இந்த வேலையைச் செய்யும்போதே நான்கு விளையாட்டுகளுக்கு எங்கே நிறுத்தினேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்த நான்கும் மறுபடி நிலுவைக்குப் போயின. ஆக 110.

இரவுச்சுடரின் அட்டைப் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். என் கையெழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியவில்லை என்பது தனிக் கதை.

பத்து நாள் என்ன செய்தேன் என்பதை யூகித்திருப்பீர்கள். நியரின் பழைய சேவைத் திறந்தேன். இப்போது மூன்றாம் சுற்றில் இருக்கிறேன். அந்தப் பழைய குறிப்பை இந்த இழையில் போட்டிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆனால் அழிக்கப் போவதில்லை.

பதிவு 14 | நான்காம்_சுவர்

அழிக்க வேண்டாம். அதற்குக் கீழே புதியதை எழுதுங்கள். முடிக்கும் வரை இழையை நான் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதிவு 15 | மெழுகுவிளக்கு

நியர்: ஆட்டோமேட்டா (2017). இரண்டாம் குறிப்பு. முதல் குறிப்பு மேலே, பதிவு 1இல் இருக்கிறது. அது ஏ முடிவில் நின்று எழுதியது.

37 மணிநேரம். ஈ முடிவில் நிறுத்தியது. இயல்பான கடினநிலை, இரண்டாம் சுற்றில் இரண்டு இடங்களில் மட்டும் எளிதாக்கிக்கொண்டேன். இரண்டாம் சுற்றின் முதல் மூன்று மணிநேரம் அலுப்பூட்டியது. அதைச் சொல்லாமல் விட்டால் பழைய குறிப்பின் தவறையே வேறு திசையில் செய்தவனாவேன். பார்த்த காட்சிகளையே பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, முதல் சுற்றில் நான் யோசிக்காமல் வெட்டித் தள்ளிய ஓர் இயந்திரத்தின் முன் கை தயங்கியது. முடிவு வரை இழுத்து வந்தது அந்தத் தயக்கம்தான். பட்டியலின் எண் இல்லை.

யார் கையில் கொடுப்பேன்: ஒரு முறை முடித்துவிட்டு எழுந்துபோன யாரிடமும்.

சேவ்: இல்லை. வெளி வன்தட்டில் இருந்த நகலையும் நானே அழித்தேன். காரணம் எழுதவில்லை, ஈ வரை போனவர்களுக்குத் தெரியும்.